பெயர் சொல்லி அழைக்கும் எதிர்ப்பொருள்கள்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"உங்களுக்கெல்லாம் கொழுப்பு அதிகம்!" வகுப்பில் நாங்கள் கொஞ்சம் உரக்கச் சிரித்துவிட்டால் கிடைக்கும் அர்ச்சனை இது. அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு பெரிய விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது என்று திட்டுகிறவர்களும் நினைப்பதில்லை; திட்டு வாங்குகிற நாங்களும் நினைத்ததில்லை. இந்த ஆண்டு உயிரியல் பாடத்தில் இரத்த ஓட்டத்தைப் படித்தபோதுதான் எங்களுக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. இரத்தமோ பெரும்பகுதி தண்ணீர். அப்படியானால் கொழுப்பு எப்படி இரத்தத்தில் பயணம் செய்கிறது? எங்கே இறங்குகிறது? 'இதுதான் நீ இறங்க வேண்டிய இடம்' என்று அதற்குச் சொல்வது யார்? விடை தேடிப் போன எங்களைக் கொழுப்பைவிட வேறொன்று அதிகமாகக் கவர்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதத்தை விஞ்ஞானிகள் எப்படி இனம் கண்டு பிடிக்கிறார்கள் என்பதே அது. தோழியரே, அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம்.

கொலஸ்டிரால் என்றதும் அதை விஷம் போல எண்ணிவிட வேண்டாம். நம் உடலின் ஒவ்வொரு செல்லின் உறையிலும் அது இருக்கிறது. சில ஹார்மோன்களும், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களும் அதிலிருந்தே உண்டாகின்றன. நாம் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் தானே அதைத் தயாரித்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரில் கரையாத பொருள் ஆகையால் அதனால் தனியாக இரத்தத்தில் போக முடியாது. ஆகவே புரதமும் வேறு சில கொழுப்புகளும் சேர்ந்த நுண்ணிய உருண்டைகளுக்குள் அது மூட்டை கட்டி அனுப்பப்படுகிறது. அவற்றுள் முக்கியமான ஒன்றுக்கு எல்.டி.எல். என்று பெயர். இந்த உருண்டைகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏறத்தாழ 45,000 உருண்டைகள் அடங்கும். அவ்வளவு சிறிய உருண்டை ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் சுமார் 1,500 கொலஸ்டிரால் மூலக்கூறுகள் அடைபட்டுக் கிடக்கின்றன.

இந்த மூட்டை இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் ஆபத்து. தமனிகளின் உட்சுவரில் படிந்து, நாளடைவில் வழியை அடைத்துவிடும். ஆகவே அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வதற்காகச் செல்களின் மேற்பரப்பில், முக்கியமாகக் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில், ஒரு புரதம் காத்து நிற்கிறது. அதற்கு எல்.டி.எல். ஏற்பி என்று பெயர். அது மூட்டையைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் இறங்கும். உள்ளே ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு மறுபடி மேலே வரும். கிணற்றில் வாளி இறங்கி ஏறுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை போய்வர ஏறத்தாழ 10 நிமிடந்தான் ஆகும். ஒவ்வோர் ஏற்பியும் தன் ஆயுளில் நூறு தடவைக்கு மேல் இப்படி இறங்கி ஏறுகிறது.

இந்த வாளி சரியாக இல்லாமலே பிறக்கும் குழந்தைகள் உண்டு. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான ஜீன் வந்தால், வாளிகளில் பாதியாவது வேலை செய்யும். இத்தகையவர்கள் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இருக்கிறார்கள். இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்து சேர்ந்துவிட்டால் நிலைமை மிக மோசம். அப்படிப்பட்ட குழந்தைகள் இலட்சக்கணக்கானவர்களில் ஒருவரே. அவர்களுடைய விரல்களிலும் முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். வயதானவர்களுக்கு வரும் நோய் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வரும் என்பதை முதலில் எங்களால் நம்பவே முடியவில்லை.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற சிறுமியைப் பற்றி அப்போது உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. நம்மில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய கொலஸ்டிரால் அவளுக்கு 1,000-ஐத் தாண்டியிருந்தது. இதயம் கெட்டுவிட்டது. புது இதயம் மட்டும் வைத்தால் அதையும் கொலஸ்டிரால் கெடுத்துவிடும். ஆகவே ஏற்பிகள் நிறைந்த ஒரு புதுக் கல்லீரலும் வேண்டும் என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸலின் குழுவினர் இதயம், கல்லீரல் இரண்டையும் ஒரே வேளையில் அவளுக்கு மாற்றி வைத்தார்கள். உலகில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அப்போது அவளுக்கு வயது 6. கொலஸ்டிரால் 300 அளவுக்கு இறங்கியது. கல்லீரலில் உள்ள ஏற்பிகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஸ்டார்மி மேலும் ஆறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாக வாழ்ந்து, 1990 நவம்பரில் தன் 13-ஆம் வயதில் காலமானாள். எங்களைவிட இரண்டு வயது சிறியவள்.

இந்த ஏற்பி இருக்கிறது என்று முதலில் காட்டியவர்கள் டெக்ஸாஸின் டல்லஸ் நகரில் ஒன்றாக ஆராய்ச்சி செய்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு டாக்டர்கள். நோயாளிக் குழந்தைகளின் தோலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அதிலுள்ள செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். எல்.டி.எல். உருண்டைகளுக்குக் கதிரியக்க அயோடினால் அடையாளம் இட்டு, அந்தச் செல்களின் மேல் ஊற்றினார்கள். நோயற்றவர்களின் செல்களில் உருண்டைகள் ஒட்டின. அந்தக் குழந்தைகளின் செல்களில் ஒட்டவில்லை. இது 1974-ஆம் ஆண்டில். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1985-இல், இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இங்கேதான் எங்களுக்கு ஆர்வமூட்டிய முடிச்சு வருகிறது. எல்.டி.எல். ஒட்டவில்லை, சரி. ஏன் ஒட்டவில்லை? அந்தக் குழந்தைக்கு ஏற்பியே இல்லையா? இருந்தும் அதன் கை முடமாகிவிட்டதா? அல்லது செல்லுக்குள்ளே எங்கோ சிக்கிக்கொண்டு வாசலுக்கு வர முடியவில்லையா? கதிரியக்க எல்.டி.எல்.ஐ எத்தனை முறை ஊற்றினாலும் இதற்கு விடை கிடைக்காது. மூன்று நிலையிலும் அது ஒட்டாதல்லவா? மூட்டையை வைத்து வாளியைத் தேடுவதை விட்டுவிட்டு, வாளியையே நேராகத் தொட்டுப் பார்க்கும் வழி வேண்டியிருந்தது.

இது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் பள்ளியின் காலைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே சீருடை, ஒரே இரட்டைச் சடை, ஒரே கறுப்புக் காலணி. மாடியிலிருந்து பார்த்தால் எல்லாத் தலைகளும் ஒரே மாதிரிதான். ஒரு செல்லுக்குள் இருக்கும் புரதங்களும் அப்படித்தான், ஆயிரக்கணக்கான வகைகள். இந்தக் கூட்டத்தில் ஒருத்தியை மட்டும் கண்டுபிடிக்க என்ன செய்வோம்? பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். ஆனால் கான்வென்டுப் பள்ளியில் 'மேரி' என்று கூப்பிட்டால் இருபது பேர் திரும்புவார்கள். அவள் வீட்டில் மட்டும் வழங்கும் செல்லப் பெயரைச் சொன்னால்தான் அவள் ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்ப்பாள். புரதத்துக்கு அப்படிப்பட்ட செல்லப் பெயர்தான் எதிர்ப்பொருள்.

எதிர்ப்பொருள் என்பது நம் உடல் தன் பாதுகாப்புக்காகத் தானே செய்துகொள்ளும் ஒரு புரதம். ஆன்டிபாடி என்று டாக்டர்கள் சொல்வது இதையே. பையன்கள் மாங்காய் அடிக்கும் கவட்டை போன்ற வடிவம் அதற்கு. கவட்டையின் இரு நுனிகளும் ஏதாவது ஓர் அந்நியப் பொருளின் குறிப்பிட்ட ஒரு மூலையைப் பற்றிக்கொள்ளும் விதத்தில் அமைந்திருக்கும். அம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது அரிது என்று பாட்டிமார் சொல்வதற்குக் காரணம், அந்தக் கிருமியைப் பற்றும் எதிர்ப்பொருள்களைச் செய்யத் தெரிந்த செல்கள் உடலில் தங்கிவிடுவதுதான். இந்தத் திறமையைத்தான் விஞ்ஞானிகள் இரவல் வாங்குகிறார்கள். தாங்கள் தேடும் புரதத்தை ஒரு முயலுக்கு ஊசி மூலம் செலுத்தினால், அதை அந்நியப் பொருள் என்று எண்ணி முயலின் உடல் எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கும். சில வாரங்களுக்குப் பின் முயலின் காது நரம்பிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து, அதன் சீரத்தைப் பிரித்தால் எதிர்ப்பொருள் கிடைத்துவிடும்.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. முயலின் சீரத்தில் ஒரே ஓர் எதிர்ப்பொருள் இருக்காது. பல வகைகள் கலந்து கிடக்கும். செலுத்திய புரதத்தோடு வேறு அழுக்கு ஏதேனும் சேர்ந்திருந்தால் அதற்கும் எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கும். அடுத்த தொல்லை, முயல் சாகாவரம் பெற்றதல்ல. அது இறந்துவிட்டால் அதே சீரம் மறுபடி கிடைக்காது.

இந்த இரண்டுக்கும் ஒரே அடியில் மருந்து கண்டவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த கியார்க் கோலர், சீசர் மில்ஸ்டீன் என்ற இருவர். ஆண்டு 1975. எலியின் மண்ணீரலில் எதிர்ப்பொருள் செய்யும் செல்கள் ஏராளம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். ஆனால் வெளியே எடுத்து வளர்த்தால் சில நாளில் மடிந்துவிடும். மாறாக, புற்றுநோய்ச் செல் மடியாமல் பெருகிக்கொண்டே போகும். இந்த இரண்டையும் ஒட்டவைத்து ஒரே செல்லாக்கிவிட்டால்? ஒன்றின் தொழிலும் மற்றதன் ஆயுளும் சேர்ந்து கிடைக்குமல்லவா? அதைத்தான் அவர்கள் செய்தார்கள். ஒட்டாமல் தனித்து நின்ற செல்களைக் களைய ஒரு தந்திரமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட நொதி இல்லாத புற்றுநோய்ச் செல்லாகத் தேர்ந்தெடுத்து, அந்த நொதி இல்லாமல் வாழ முடியாத ஒரு திரவத்தில் எல்லாவற்றையும் வளர்ப்பார்கள். தனிப் புற்றுநோய்ச் செல் அந்தத் திரவத்தில் மடியும். தனி மண்ணீரல் செல் தானாகவே மடியும். ஒட்டிய கலப்புச் செல் மட்டும் பிழைக்கும். பிறகு ஒரு குழிக்கு ஒரு செல் என்று பிரித்து வளர்த்தால், ஒரே தாயின் வழியில் வந்த இலட்சக்கணக்கான செல்கள், எல்லாம் அச்சடித்தாற்போல் ஒரே எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டிருக்கும். இதற்கு ஒற்றைக்குல எதிர்ப்பொருள் என்று சொல்லலாம். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. 1984-இல் இருவரும் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இந்த முறை டல்லஸுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே ஜெர்மனியிலிருந்து வந்திருந்த உல்ரிக்கே பைசிகல் என்ற பெண் விஞ்ஞானியும், ஆஸ்திரியாவைச் சேர்ந்த வொல்ஃப்காங் ஷ்னைடரும் மற்றவர்களோடு சேர்ந்து இந்த வேலையில் இறங்கினார்கள். மாட்டின் அட்ரினல் சுரப்பியில் எல்.டி.எல். ஏற்பி அதிகம். ஹார்மோன் செய்வதற்கு அதற்குக் கொலஸ்டிரால் நிறைய வேண்டும் அல்லவா? ஆகவே அந்தச் சுரப்பியிலிருந்து ஏற்பியைப் பாதியளவு தூய்மைப்படுத்தி எலிக்குச் செலுத்தினார்கள். கலப்புச் செல்கள் உண்டாக்கி, அவற்றுள் ஏற்பியைப் பற்றும் எதிர்ப்பொருள் எது என்று தேடி எடுத்தார்கள். அப்படிக் கிடைத்த ஒன்றுக்கு 'சி-7' என்று பெயரிட்டு 1981-இல் வெளியிட்டார்கள். மாட்டின் புரதத்தைக் கொண்டு எலியில் உண்டாக்கியது, மனிதரின் ஏற்பியையும் பற்றிக்கொண்டது! அந்தச் செல்கள் இன்றும் செல் வங்கியில் உறைநிலையில் பாதுகாக்கப்படுகின்றன. அந்த எலி போய் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதன் எதிர்ப்பொருள் தீரவில்லை. உல்ரிக்கே பைசிகல் பிற்காலத்தில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார் என்பதை நம் பள்ளித் தோழியருக்காக இங்கே சேர்த்துக்கொள்கிறோம்.

இனி அந்த முடிச்சு அவிழ்ந்த விதத்தைப் பார்ப்போம். நோயாளிகளின் செல்களுக்குக் கதிரியக்கம் கொண்ட அமினோ அமிலத்தை உணவாகக் கொடுப்பார்கள். செல் அப்போது புதிதாகச் செய்யும் புரதங்கள் எல்லாவற்றிலும் அந்த அடையாளம் ஏறிவிடும். பிறகு செல்லை உடைத்து எதிர்ப்பொருளைச் சேர்த்தால், அந்தக் கும்பலிலிருந்து ஏற்பியை மட்டும் அது பிடித்து வெளியே இழுத்து வந்துவிடும். அதன் எடையைப் பார்க்கலாம். நேரம் ஆக ஆக அது எப்படி மாறுகிறது என்றும் பார்க்கலாம். நோயற்றவரின் செல்லில் ஏற்பி முதலில் 1,20,000 எடையுள்ளதாகத் தோன்றி, ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரைச் சங்கிலிகள் மாற்றம் அடைந்து 1,60,000 எடை காட்டும் முதிர்ந்த நிலைக்கு வந்து வாசலில் போய் நின்றது.

நோயாளிக் குழந்தைகளிடமோ ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை. சிலருடைய செல்லில் எதிர்ப்பொருள் வெறுங்கையோடு திரும்பியது. அவர்களுக்கு ஏற்பியே உண்டாகவில்லை. சிலருக்கு ஏற்பி உண்டாகியிருந்தது; ஆனால் 1,20,000-இலேயே நின்றுவிட்டது. செல்லுக்குள் உற்பத்தியான இடத்திலேயே சிக்கிக்கொண்டு, வாசலைப் பார்க்காமலே அழிந்தது. லெபனான் நாட்டில் பல குடும்பங்களில் காணப்படும் பழுது இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஜப்பானின் கோபே நகரில் 1973-இல் டாக்டர் வதனபே கண்டெடுத்த, பிறவியிலேயே கொலஸ்டிரால் மிகுந்த முயலின் வம்சத்துக்கும் இதே கோளாறு. மூன்றாவது வகையினருக்கு ஏற்பி வாசல்வரை வந்து நின்றது, எல்.டி.எல்.ஐப் பிடிக்கத்தான் தெரியவில்லை. நான்காவது வகை மிக அபூர்வம். ஒரு சிறுவனின் ஏற்பி வாசலுக்கும் வந்தது, எல்.டி.எல்.ஐயும் பிடித்தது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கவில்லை. ஏற்பியில் உள்ள 839 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது தான் காரணம் என்று 1986-இல் கண்டுபிடித்தார்கள். டைரோசின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன்! நூறு பக்கம் பரீட்சை எழுதி ஓர் எழுத்துப் பிழைக்காகத் தோற்றுப்போவது போல் அல்லவா இருக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் இந்த நால்வரும் ஒன்றுதான். அதே மஞ்சள் கட்டி, அதே கொலஸ்டிரால், அதே மாரடைப்பு. இந்த வேற்றுமை வெறும் ஆராய்ச்சிக்காரர்களின் கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். சிறிதளவாவது வேலை செய்யும் ஏற்பி உள்ள குழந்தைக்கு ஒரு மருந்து பயன்படலாம். ஏற்பியே இல்லாத குழந்தைக்கு அதே மருந்தை எவ்வளவு கொடுத்தாலும் பயன் இராது. இதைக் கட்டுரையின் முடிவில் மறுபடி பார்க்கப் போகிறோம்.

எதிர்ப்பொருள் சொல்வதையெல்லாம் நம்பிவிடலாமா? கூடாது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது நடப்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வராத தோழிக்காகப் பின் பெஞ்சிலிருந்து 'உள்ளேன் அம்மா' என்று ஒரு குரல் வருவது உண்டு. எதிர்ப்பொருளிலும் அப்படி உண்டு. தேடும் புரதம் இல்லாத இடத்திலும், அதைப் போன்ற மூலை உள்ள வேறொரு புரதத்தில் ஒட்டிக்கொண்டு 'உள்ளேன்' என்று சொல்லிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஆசிரியர் செய்வதுதான் விஞ்ஞானிகளும் செய்வது. வரவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருத்தியின் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் பதில் வந்தால் அந்தப் பதிவேடு முழுவதையும் சந்தேகிக்க வேண்டியதுதான்.

'சி-7' உண்மையானது என்று எப்படித் தெரிந்தது என்றால், ஏற்பியே இல்லாத குழந்தைகளின் செல்களில் அது ஒட்டவில்லை. தன் உடலில் அந்தப் புரதம் இல்லாமையால் துன்பப்பட்ட ஒரு குழந்தையின் தோல் துணுக்குத்தான் அந்த எதிர்ப்பொருளுக்கு நற்சான்று அளித்தது. இதைப் படித்தபோது நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அதோடு எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒன்றும் நினைவுக்கு வந்தது. உமிழ்நீர் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகிறதா என்று பார்க்கும் சோதனையில், உமிழ்நீருக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 'தண்ணீரில் என்ன ஆகப்போகிறது?' என்று நாங்கள் அதை வைக்கவில்லை. எங்கள் குழுவில் நால்வருக்கும் அந்தச் சோதனைக்குப் பூஜ்யம். அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. பெரிய ஆராய்ச்சிக்கூடங்களிலும் இதே தவறு நடக்கிறது போலும். விலைக்கு விற்கும் எதிர்ப்பொருள்கள் பல சரிவரச் சோதிக்கப்படாமல் இருப்பதால் ஆராய்ச்சிகள் வீணாகின்றன என்று 2015-இல் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இப்போது, தேடும் புரதத்தின் ஜீனை வேண்டுமென்றே நீக்கிய செல்களை வளர்த்து, அவற்றில் எதிர்ப்பொருள் மௌனமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

ஏற்பி வாசலில் நிற்கும் காவலாள் என்றால், எத்தனை காவலாட்களை அமர்த்துவது என்று உள்ளேயிருந்து ஆணையிடும் புரதமும் ஒன்று உண்டு. அதன் பெயர் எஸ்.ஆர்.ஈ.பி.பி. இதுவும் டல்லஸில்தான் 1993-இல் இனம் காணப்பட்டது. ஆணையிடும் புரதம் உட்கருவுக்குள் இருக்க வேண்டும். ஆனால் மறு ஆண்டு எதிர்ப்பொருள் கொண்டு தேடியபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. செல்லின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, மெல்லிய தாள் போன்ற ஒன்றில் பதித்து, அதன்மேல் எதிர்ப்பொருளை ஊற்றினால், தேடும் புரதம் இருக்கும் இடம் மட்டும் ஒரு கோடாகத் தெரியும். அங்கே ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடுகள்! செல்லின் உட்சவ்வுகளில் ஏறத்தாழ 1,25,000 எடையில் ஒன்று. உட்கருவில் 68,000 எடையில் இன்னொன்று. அந்தப் புரதம் முதலில் சவ்வில் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. கொலஸ்டிரால் குறைந்தால் மட்டும் கட்டு அறுக்கப்பட்டு, துண்டான பகுதி உட்கருவுக்கு ஓடிப்போய், 'இன்னும் ஏற்பிகள் செய்யுங்கள், இன்னும் கொலஸ்டிரால் செய்யுங்கள்' என்று ஜீன்களுக்கு ஆணையிடுகிறது. கொலஸ்டிரால் மிகுந்தால் அறுப்பது நின்றுவிடும். வீட்டில் அரிசிப் பானையைத் தட்டிப் பார்த்துவிட்டு அம்மா கடைக்கு ஆளனுப்புவது போலத்தான். அந்த இரண்டு கோடுகள் இல்லாவிட்டால் இது புரிந்திருக்க எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ!

அடுத்த புரதம் கதையையே திருப்பிவிட்டது. 2003-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், லெபனான் நாட்டைச் சேர்ந்த மரியான் அபிஃபாதெல் என்ற பெண்மணியும் கேதரின் புவாலோவும் மற்றவர்களும், ஏற்பியின் ஜீன் நன்றாக இருந்தும் கொலஸ்டிரால் மிகுந்த சில பிரெஞ்சுக் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். கனடாவின் மான்ட்ரியால் நகரில் நபீல் செய்தா கண்டறிந்திருந்த பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தில் பழுது இருப்பது தெரிந்தது. கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதம், வாசலில் நிற்கும் ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட ஏற்பி உள்ளே போனால் திரும்பி வருவதில்லை, அங்கேயே அழிக்கப்படுகிறது. கிணற்றுக்குள் இறங்கும் வாளியின் கயிற்றை அறுத்துவிடுகிறது என்று சொல்லலாம். அந்தக் குடும்பங்களில் இந்தப் புரதம் அளவுக்கு மீறி வேலை செய்தது.

அப்படியானால் அது வேலையே செய்யாதவர்கள் எப்படி இருப்பார்கள்? டல்லஸில் ஹெலன் ஹாப்ஸ் என்ற பெண் டாக்டரும் ஜொனதன் கோஹெனும் இதைத் தேடினார்கள். பி.சி.எஸ்.கே.9 ஜீன் இரண்டும் செயலிழந்த ஓர் இளம் பெண் கிடைத்தார். அவருடைய எல்.டி.எல். கொலஸ்டிரால் 100-க்கும் அதிகமாக இருப்பது சாதாரணம் என்ற ஊரில் வெறும் 14! அவருடைய இரத்தத்தில் அந்தப் புரதத்தை எதிர்ப்பொருளால் தேடியபோது ஒன்றும் தென்படவில்லை. அவரோ நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். இது 2006-இல் வெளியானது. அந்தப் புரதம் இல்லாமலே ஒருவர் நலமாக வாழலாம் என்றால், மற்றவர்களிடமும் அதைக் கட்டிப்போட்டால் என்ன? கட்டிப்போடக் கைவசம் என்ன இருக்கிறது? தோழியர் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். அதுவரை புரதத்தைக் கண்டுபிடிக்கும் கருவியாக இருந்த எதிர்ப்பொருளே மருந்தாயிற்று. மனிதரின் எதிர்ப்பொருள் ஜீன்களை ஏற்ற எலிகளைக் கொண்டு உருவாக்கிய எவலோகுமாப், அலிரோகுமாப் என்ற இரு மருந்துகள் 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஓர் ஊசி. அது பி.சி.எஸ்.கே.9-ஐப் பிடித்துக்கொள்ளும், ஏற்பிகள் பிழைத்து மறுபடி மறுபடி மேலே வரும்.

ஆனால் நாம் மேலே கண்ட முதல் வகைக் குழந்தைகளுக்கு? அவர்களிடம் பிழைக்க வைக்க ஏற்பியே இல்லையே! இந்த மருந்து அவர்களுக்குப் பயன்படுவதில்லை. எந்தக் குழந்தைகளின் தோல் துணுக்கு இந்த ஆராய்ச்சிக்கு வழி திறந்ததோ, அவர்களே வெளியில் நின்றார்கள் என்பது எங்களுக்கு அநியாயமாகப் பட்டது.

அவர்களுக்கு வழி வேறொரு புரதத்தின் மூலம் வந்தது. இரத்தத்திலுள்ள கொழுப்பைச் சிதைக்கும் நொதிகளுக்குக் கடிவாளம் போடும் புரதம் ஒன்று உண்டு. ஏ.என்.ஜி.பி.டி.எல்.3 என்று நீண்ட பெயர். அதைப் பிடிக்கும் எவினாகுமாப் என்ற எதிர்ப்பொருள், ஏற்பியின் துணை இல்லாமலே எல்.டி.எல்.ஐக் குறைக்கிறது. இரு பக்கமும் பழுதான ஜீன் கொண்ட 65 பேரிடம் நடத்திய சோதனையில் 24 வாரங்களில் எல்.டி.எல். ஏறத்தாழ பாதியாயிற்று என்று 2020-இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2021-இல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 2023-இல் 5 வயது முதல் உள்ள குழந்தைகளுக்கும் அனுமதி கிடைத்தது. மாதத்துக்கு ஒருமுறை, இரத்தக் குழாய் வழியாக, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். ஆறு வயதில் இதயத்தையும் கல்லீரலையும் மாற்றிக்கொண்ட ஸ்டார்மி இன்று பிறந்திருந்தால் அவளுக்கும் இதைக் கொடுத்திருக்கலாம்.

விலை மிக அதிகம் ஆகையால் எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் இது எட்டவில்லை. அத்தகைய இடங்களில் வசதியுள்ள மருத்துவமனைகளில், வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ குழந்தையின் இரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியாகச் செலுத்தி, எல்.டி.எல்.ஐ வடிகட்டிவிட்டுத் திருப்பி உடலுக்குள் அனுப்புகிறார்கள். அந்த இயந்திரங்களில் பல வகைகள் உண்டு. ஒரு வகையில், உள்ளேயிருக்கும் குழாயில் எல்.டி.எல்.ஐப் பிடித்து நிறுத்துவது செம்மறியாட்டிலிருந்து எடுத்த ஓர் எதிர்ப்பொருள்.